பிரேக்ஃபாஸ்ட் வரிசை

என்னிடம் உள்ள பழைய ஆங்கில மரபுத்தொடர் அகராதியில், ஒரு பக்க ஓரத்தில் என் பென்சில் குறிப்பு இருக்கிறது: ‘பி-ஆர் வரிசை முடிந்தது. வெள்ளி மாலை. ஓரிடத்திலும் தடுக்கவில்லை.’

தடுக்கியது திங்கட்கிழமை.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் டியூஷன் சார் ஆங்கிலத்தை எழுத்துவாரியாகத்தான் ஊட்டுவார். அவர் ‘பி-ஆர்’ என்பதுபோல முதல் இரண்டு எழுத்தைச் சொன்னால், அவற்றில் தொடங்கும் தொடர்களை எல்லாம் அர்த்தத்தோடு ஒரே மூச்சில் கொட்ட வேண்டும். நடுவில் அவரே, “போதும்லே, நிறுத்து” என்பார். அது சோதனை. நிறுத்தியவன் தொலைந்தான், மறுபடி முதலிலிருந்து. பத்தமடை காஜா தினமும் நிறுத்துவான். நான் ஒருநாளும் நிறுத்தியதில்லை. (அதற்கு அப்போது அறிவு என்று பெயர்.)

அந்தத் திங்கட்கிழமை வளைகுடாக் கம்பெனி ஒன்றின் நேர்காணல் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு லாட்ஜ் மாடியில் நடந்தது. விக்கிரமசிங்கபுரத்து ஆலையில் பஞ்சுத் தூசியைத் தின்றே இருமல் வாங்கிய அப்பா, “இந்தப் பஞ்சு என்னோட போவட்டும்லே” என்று லீவு போட்டுக் கூடவே வந்தார், கையில் இட்லிப் பொட்டலத்தோடு. பதற்றத்தில் நான் அதைத் தொடவில்லை.

காஜாவையும் என்னையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி சான்றிதழ்களைப் புரட்டி மூடிவிட்டு, சிரித்த முகமாக, “பிரேக்ஃபாஸ்ட்?” என்றார்.

பி-ஆர்! என் முதுகு நிமிர்ந்தது.

“பிரெட் அண்ட் பட்டர், வயிற்றுப் பிழைப்பு. பிரேக் தி ஐஸ், தயக்கம் நீங்கிப் பேசுதல். பிரேக் தி நியூஸ்...”

“நோ, நோ. போதும் தம்பி.”

சோதனை! வேகத்தைக் கூட்டினேன். அவர் எழுந்து நின்றார். நானும் மரியாதைக்கு எழுந்து நின்று தொடர்ந்தேன். காஜா என் சட்டையை இழுத்தான். பொறாமை என்று நினைத்தேன். வரிசை முடிந்ததும்தான் உட்கார்ந்தேன்.

அதிகாரி காஜா பக்கம் திரும்பினார். “நீங்க?”

“இன்னும் இல்ல சார். பசிக்கி.”

அவனை எடுத்துக்கொண்டார்கள்.

கீழே அப்பா காத்திருந்தார். “என்னலே கேட்டாங்க?”

“சாப்ட்டியான்னு கேட்டாங்க.”

“அதுக்கு?”

சொன்னதைச் சொன்னேன். அப்பா பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் நீட்டினார். “இல்லன்னு சொல்ல வேண்டியதுதானலே. அதுக்கு என்ன படிப்பு?”

பிறகு அதே ஆலையில், அப்பாவின் பிரிவிலேயே சேர்ந்தேன். அவர் ஓய்வு பெறும்வரை இருவரும் சேர்ந்து இருமினோம்.

இன்றும் வீட்டில் இலை போட்டதும் மனைவி சொல்வது இதுதான்: “சாப்பிட வாங்க. அர்த்தம் கேக்கல, சோறு திங்கத்தான் கூப்பிடுதேன்.” பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

துபாயிலிருந்து போன வாரம் பேசிய காஜா புதிதாக ஒன்று சொன்னான். “ஏலே, நம்ம ரெண்டு பேரையும் எடுக்கதா முடிவு பண்ணிட்டுத்தான் அந்த மனுசன் சாப்ட்டாச்சான்னே கேட்டாரு. டிபன் வாங்கித் தர நெனச்சிருக்காரு.”

இது காஜாவின் வாய்மொழி மட்டுமே. அந்த அதிகாரி இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. சரிபார்க்க முடியவில்லை.