பதினோரு சத்தும் ஒரு மாத்திரையும்

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. ஒரே நாளில் வந்த மனுக்களை ஒரே கட்டாகக் கட்டி, ஒரே நேரத்தில்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அவசரம் என்று எந்த மனுவும் முந்திக்கொண்டு போகக் கூடாது. நகல் பிரிவின் கண்காணிப்பாளராக இருபத்தாறு வருடம் இந்த விதியைக் காத்தவன் நான். ஆகவே எனக்குப் பார்க்கின்சன் நோய் வந்தபோது, மாத்திரைகளையும் அதே விதிப்படிதான் விழுங்கினேன்.

நரம்பு டாக்டர் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு மாத்திரை. அது போதாது என்று உறவும் நட்பும் ஒருமனதாகத் தீர்மானித்தன. என் வீட்டிலேயே தங்கியிருக்கும் மச்சினன், புரதப் பொடி டப்பாவைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தான். மருமகள் மீன் எண்ணெய்க் குளிகை கொண்டுவந்தாள். மாடி வீட்டுக் கணக்கு வாத்தியார், என் முகத்தைப் பார்த்தே இரும்புச் சத்துக் குறைவு என்று கண்டுபிடித்தார். சம்பந்தி அனுப்பிய பச்சைப் பொடியில் என்ன இருக்கிறது என்பது சம்பந்திக்கே தெரியாது. யாருடையதைத் தள்ளினாலும் மனத்தாங்கல். இப்படியாகப் பதினோரு சத்துகள் சேர்ந்தன.

மாத்திரையை மட்டும் தனியாக, வெறும் வயிற்றில் போடச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒருவருக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? காலை ஏழு மணிக்குப் பன்னிரண்டையும், புரதப் பொடி கரைத்த பெரிய தம்ளரோடு, ஒரே கட்டாக உள்ளே அனுப்பினேன். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்டபோது இல்லை என்றேன். பொய்யில்லை. மருந்துப் பிரிவு வேறு, சத்துப் பிரிவு வேறு.

கால்கள் தரையில் ஒட்டத் தொடங்கின. கையெழுத்து எறும்பு வரிசைபோல் சிறுத்தது. முகத்துக்குச் சிரிப்பு வர மறுத்தது. பணியில் நீடிக்கத் தகுதி உண்டா என்று நிரூபிக்க மருத்துவக் குழு முன் ஆஜராகுமாறு கடிதம் வந்தது. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. வேலை போனால் பகல் முழுக்க மச்சினனோடு இருக்க வேண்டும். அந்த நாற்காலியை விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது என்பது இன்னொரு காரணம். அதை யாரிடமும் சொன்னதில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று அன்று காலை எல்லாச் சத்தையும் இரட்டிப்பாக்கினேன்.

குழுவின் அறை வாசலில் இரண்டு கால்களும் நின்றுவிட்டன. தலைவர் உள்ளே அழைத்தார். நான் போகவில்லை. மறுபடி அழைத்தார். பதில் சொன்னேன், எனக்கே கேட்கவில்லை. நான் கையெழுத்திட வேண்டிய படிவத்தை என்னிடமே கொண்டுவந்து நீட்டினார்கள். பேனாவைப் பிடித்தபடி நின்றேன். இருபது நிமிடம் கழித்தும் தாள் வெள்ளையாகவே இருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

குழுவினர் மூவரும் தலைகளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

"எவ்வளவு கேட்டும் நின்ன எடத்த விட்டு நகரல, பாத்தீங்களா சார்?" என்றார் செயலாளர்.

"மனசுல என்ன இருக்குன்னு மூஞ்சில துளி தெரியல. பதில் சொன்னாரு, ஆனா யாருக்கும் புரியல," என்றார் உறுப்பினர்.

"அதெல்லாம் விடுங்க. கடைசி வரைக்கும் கையெழுத்துப் போடல," என்றார் தலைவர். அவர் குரலில் மரியாதை வந்திருந்தது. "இப்படிப்பட்ட மனுஷனயா இத்தன வருஷம் கீழயே வச்சிருந்தோம்?"

அடுத்த வாரம் துணை இயக்குநரானேன்.

எந்தப் பொடி என்று கேட்டு என் அறைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரே மாதத்தில் மேசைக்கு மேசை டப்பா முளைத்தது. வெளியே வரிசையில் நின்ற பொதுமக்கள் எந்த வித்தியாசத்தையும் உணரவில்லை.

என் சட்டைக்குத் தினமும் பொத்தான் போட்டுப் போட்டு அலுத்துப்போன மனைவி, எல்லா டப்பாக்களையும் பையில் அள்ளிக்கொண்டு என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். புரதமும் இரும்பும் கூடப் போனால் மாத்திரை சரியாக உடம்பில் சேராது என்றார். நோய் அடியோடு போய்விடாது, ஆனாலும் மாத்திரையை வேலை செய்ய விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் ஆறு மணிக்கு மாத்திரையைத் தனியாகப் போட்டேன். எட்டு மணிக்கு நானே பொத்தான் போட்டுக்கொண்டேன். சிரித்தேன். மனைவி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று மதியத்துக்குள் நூற்று நாற்பது கோப்புகளில் கையெழுத்திட்டேன். மாலையில் குறிப்பாணை வந்தது. 'தங்களது பணியில் காரணமின்றி வேகம் காணப்படுகிறது. ஏழு நாட்களுக்குள் விளக்கமளிக்கவும். தவறினால் தங்களது தகுதி மறுபரிசீலனை செய்யப்படும்.'

"என்ன எழுதப் போறீங்க?" என்றாள் மனைவி.

"யோசிக்கணும்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? உடம்பு தேவலைன்னு எழுதுங்க."

ஆறு நாள் யோசித்தேன். ஏழாம் நாள், 'மேற்படி வேகம் கவனக்குறைவால் நேர்ந்தது. இனி நேராது' என்று எழிலான பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மாத்திரையைத் தனியாகப் போட்டுக்கொள்கிறேன். அன்று நாங்கள் இருவரும் ஏரிக்கரை வரை நடந்து போகிறோம். நான் கைவீசி நடக்கிறேன், சத்தமாகப் பேசுகிறேன். மற்ற ஆறு நாளும் பதவியில் இருக்கிறேன்.