சந்தேகத்துக்கு நேரம் குறித்த ஆசிரியர்

தாம்பரம் வட்டாரத்தில் ஓர் இனம் வேகமாகப் பெருகி வருகிறது. பார்ப்பதற்கு வண்டலூர் மிருகக்காட்சிசாலை வரை போய் டிக்கெட் எடுக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் எந்தத் தனியார் பள்ளிக்குள் நுழைந்தாலும் ஒருவராவது தட்டுப்படுவார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், வாயில் ‘பசங்களே கத்துக்கணும், நாம ஒதுங்கி நிக்கணும்’. இவர்தான் புதுமை ஆசிரியர். சொன்னபடி ஒதுங்கித்தான் நிற்பார். ஆனால் எந்த மூலையில் நிற்பார், எத்தனை நிமிடம் நிற்பார், அப்போது பிள்ளைகள் சுயமாக யோசித்து என்ன பேசுவார்கள் என்பதெல்லாம் முதல் நாளே அச்சடித்துக் கொடுக்கப்பட்டிருக்கும்.

நம் ஜெயகிருஷ்ணன் சாரையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புக்கு அறிவியல். தங்கமான மனிதர், அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் மேல் கை வைத்ததில்லை, யாரையும் டியூஷனுக்கு வா என்று நச்சரித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் இணையவழிப் பயிற்சியில் உட்கார்ந்து, சான்றிதழ் மேல் சான்றிதழாக வாங்கி, எல்லாவற்றையும் லேமினேட் செய்து, சுவரில் மாட்டுவதற்காகச் சாமி படங்களை நகர்த்த மனைவி ஜெயஸ்ரீ சம்மதிக்காததால் பீரோவுக்குள் அடுக்கி வைத்திருப்பவர். அவர் வகுப்பில் தொடுதிரைப் பலகை உண்டு. வந்தபோது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் இன்னும் அதன் மேல் அப்படியே இருக்கிறது. ‘யாரும் தொடாதீங்க’ என்று பக்கத்தில் ஒரு சீட்டு.

இந்த இனத்தின் பெரிய திருவிழா ‘திறந்த வகுப்பு’. தலைமையாசிரியை சுந்தரவல்லி மேடமும் நிர்வாகத்தினரும் கடைசி வரிசையில் வந்து அமர, பிள்ளைகள் தாங்களே பாடத்தை நடத்திக்கொள்வார்கள். இந்த முறை விஷயம் பெரிது. பள்ளியில் புதிதாகப் ‘புதுமைக் கற்றல் ஒருங்கிணைப்பாளர்’ என்று ஒரு பதவி. அது யாருக்கு என்பதை அந்த நாற்பது நிமிடம் முடிவு செய்யும். சாருக்கு அந்தப் பதவி மேல் கொள்ளை ஆசை. பெயருக்குக் கீழே அது எப்படி இருக்கும் என்று வாட்ஸ்அப்பில் அடித்துப் பார்த்துவிட்டு அழித்திருக்கிறார், இரண்டு தடவை.

முதல் நாள் ஒத்திகை.

“சந்தேகம்ங்கிறது தானா வரணும்டா,” என்றார் சார். “பிரேம், உனக்கு பத்து இருபதுக்கு வரணும். ஹேமநாத், உனக்கு பத்து இருபத்தஞ்சு.”

தமிழினிக்குச் சந்தேகம் எதுவும் ஒதுக்கப்படவில்லை. அவள் கைதட்டும் அணி. முடிச்சூரிலிருந்து வருகிற பெண். ஒத்திகை முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்து நின்றாள்.

“சார், நானா ஒண்ணு செஞ்சேன். தெருத்தண்ணி ஏறினா இந்த தெர்மாகோல் மெதந்து மேல வந்து ரெண்டு ஒயரையும் ஒண்ணா அமுக்கும், பெல் அடிக்கும். போன மழையில சொல்லாம கொள்ளாம தண்ணி வூட்டுக்குள்ள வந்து என் புக்கெல்லாம் போச்சு சார்.”

“சூப்பர்மா. புதுமைன்னா இதுதான்,” என்றார் சார், மனதாரத்தான். “ஆனா நம்ம ஸ்லைடுல இது இல்லையே. அப்புறம் பார்க்கலாம்.”

மறுநாள் எல்லாம் சரியாகத்தான் போனது, பத்து இருபது வரைக்கும். “யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டுவிட்டு, சார் முறைப்படி ஜன்னலோரம் ஒதுங்கினார். நாற்பத்தோரு பிள்ளைகளும் ஒரே இடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே பிரேம் இல்லை. அவனுக்குக் காய்ச்சல்.

அடுத்தவன் சந்தேகத்தை யார் கேட்பார்கள்? சார் மறுபடி கேட்டார். ஹேமநாத் கடிகாரத்தைப் பார்த்தான். அவனுக்கு இன்னும் நேரம் வரவில்லை. அப்போதுதான் தமிழினி கை தூக்கினாள். சார் அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணு கேக்குது பாருங்க சார்,” என்றார் சுந்தரவல்லி மேடம்.

தமிழினி டப்பாவைத் தூக்கி மேஜையில் வைத்தாள். “தண்ணி ஏறச்சொல்ல இது பாதியிலயே சாஞ்சு மாட்டிக்கினு நிக்குது சார். நேரா மேல வர்றதுக்கு இன்னா பண்ணணும்?”

சாருக்குத் தெரியவில்லை. ஆனால் ஹேமநாத் எழுந்துவிட்டான். “நடுவுல ஓட்டை போட்டு ஸ்ட்ரா சொருகு.” “ஸ்ட்ரா வளையும், தொடப்பக் குச்சி போடு,” என்றாள் மிருதுளா. ஒருவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து டப்பாவுக்குள் ஊற்ற, பெஞ்சுகள் நகர, முன் வரிசை, பின் வரிசை என்ற பேதமெல்லாம் போய் வகுப்பே மேஜையைச் சூழ்ந்துகொண்டு கத்த, நிர்வாகத்துப் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்க்க எழுந்து நின்றார். ஒரு கணம் சாருக்கும் உள்ளே குபீரென்று ஒரு சந்தோஷம் வந்தது. பொய்யில்லை. இதற்காகத்தானே வாத்தியார் வேலைக்கே வந்தார்?

பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பத்து முப்பது. இன்னும் பதினொரு ஸ்லைடு.

மேஜையைப் படாரென்று தட்டினார். “சைலன்ஸ். எல்லாரும் அவங்கவங்க இடத்துல போய் உக்காருங்க. மாணவர் வழிக் கற்றலை இப்பதான் ஆரம்பிக்கப் போறோம்.”

உட்கார்ந்தார்கள்.

பதவி சாருக்கே கிடைத்தது. “அவ்வளவு சத்தத்தையும் ஒரே தட்டுல அடக்கிட்டீங்களே சார்,” என்று மேடம் மனம்விட்டுப் பாராட்டினார். ஒருங்கிணைப்பாளரின் முதல் சுற்றறிக்கையும் வந்தது: தன்னிச்சையான சந்தேகங்களை மூன்று நாள் முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும், காய்ச்சல் முதலிய காரணங்களை முன்னிட்டு, ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு மாற்று ஆள் தயாராக இருக்க வேண்டும்.

அடுத்த வாரம் சாருக்கே ஞாபகம் வந்தது. “தமிழினி, அந்த பெல்லை எடுத்துட்டு வாம்மா. என்னன்னு சேர்ந்து பார்ப்போம்.”

“அது அன்னிக்கே ரெடியாயிடுச்சு சார். வூட்ல மாட்டிட்டோம்.”

“யாரு செஞ்சா? என்கிட்ட கேக்கவே இல்லையே?”

“நீங்க வகுப்பு எடுத்துகினு இருந்தீங்க சார். அதான், முடியட்டும்னு இருந்துட்டு, கேன்டீன் பின்னால போய் நாங்களே கத்துக்கினோம்.”

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்று சாயங்காலம் உங்கள் மகள் கையில் எதையோ வெட்டி ஒட்டி எடுத்துக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நின்றாளே, அப்போது செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், “இரும்மா, பிள்ளைங்களை சொந்தமா யோசிக்க வைக்கிறது எப்படின்னு ஒரு வீடியோ ஓடிட்டிருக்கு” என்று சொன்னது யார்?