பூனைக்குட்டியின் வயிறும் பத்மநாபம் காருவும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. தெரிந்த விஷயத்தில் தயங்கித் தயங்கிப் பேசுவேன். தெரியாத விஷயமென்றால் அபாரமான தன்னம்பிக்கை வந்துவிடும். கம்ப்யூட்டரில் பதினான்கு வருஷ அனுபவம். இன்றைக்கும் மீட்டிங்கில் கை தூக்க யோசிப்பேன். பூனை வளர்ப்பில் பதினான்கு நிமிஷ அனுபவம்கூடக் கிடையாது. ஆனால் அன்று நான் பேசிய பேச்சைக் கேட்டிருந்தால், பூனை இனமே என் யோசனையில்தான் உருவானது என்று நினைத்திருப்பீர்கள்.

ஹைதராபாத் கொண்டாப்பூரில் எங்கள் வீடு இரண்டாம் மாடி. பழைய துணிகளை மூட்டை கட்டி ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு பால்கனியில் வைத்திருந்தோம். அதற்குள் ஒரு பூனை மூன்று குட்டி போட்டிருந்தது. மூன்று நான்கு வாரம் போல அம்மா பூனை வந்து போய்க்கொண்டிருந்தது. திடீரென்று இரண்டு நாளாகக் காணோம். குட்டிகள் கத்திய கத்தலில் எதிர் பிளாக்குக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

என் மகள் தாரா இரண்டாம் வகுப்பு. துணிப்பெட்டியில் பிறந்ததால் குட்டிகளுக்கு பட்டன், ஜிப், ஊக்கு என்று பேர் வைத்தாள். ஊக்குதான் ஆகச் சிறியது. உள்ளங்கையில் வைத்தால் விரல்களுக்கு வேலை இருக்காது.

"பால் குடுத்தா சரியாப் போயிடும். எங்க வீட்டுல மாடே இருந்துச்சு" என்றேன். (நான் விருதுநகர்க்காரன். மாடு இருந்தது உண்மை. அது என்னை இரண்டு முறை முட்டியதும் உண்மை.)

என் மனைவி ஷீலா மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். மூன்று தலைமுறையாக செகந்திராபாத். கோபம் வந்தால் அவள் தமிழில் உருது ஏறிவிடும்.

"நக்கோங்க, வேணாம். யாரையாவது கேட்டுட்டுக் குடுங்க."

"பூனைக்குப் பால் குடுக்கறதுக்கு யாரைம்மா கேக்கணும்?"

கொழுப்பு நிறைந்த பாக்கெட் பாலைக் காய்ச்சி, தெம்புக்காக ஒரு ஸ்பூன் சர்க்கரையும் போட்டு, தட்டில் ஊற்றினேன். மூன்றும் மீசை நனைய நனையக் குடித்தன. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை பால்கனியை விவரிக்கப் போவதில்லை. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இருக்கலாம்.

உடனே அடுத்த வைத்தியத்துக்குத் தாவினேன். மனிதனுக்கு வயிறு கெட்டால் தயிர்சாதம்தானே? பிசைந்து வைத்தேன். அதையும் பட்டன் தின்றது. பின்விளைவில் ஜன்னல் திரைச்சீலையைக் கழற்றித் துவைக்க வேண்டியிருந்தது. மூன்றாவதாக என்னுடைய பேதியை நிறுத்தும் மாத்திரையை நான்காக உடைக்கப் போனபோது ஷீலா கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஹவ், ஆமா, நீங்க பெரிய டாக்டருதான். கிளம்புங்க, நிஜமான டாக்டருகிட்ட போலாம்" என்றாள்.

நிஜமான டாக்டர் பேர் பத்மஜா. கால்நடை மருத்துவர். மூன்று குட்டிகளையும் எடை பார்த்தார், வயிற்றைத் தொட்டார், பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்: "மாட்டுப் பால் கொடுத்தீர்களா?"

அந்தக் குரலில் ஒரு கோர்ட் இருந்தது. "இல்லையே டாக்டர்" என்றேன்.

"பப்பா ஜூட் போல்ரே, டாக்டர் ஆன்ட்டி" என்றாள் தாரா. என் ஒரே மகள். (தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும். அப்பாவைக் காட்டிக்கொடுக்க மட்டும் இந்த ஊர் இந்திதான் வசதி.) "பப்பா பொய் சொல்றாங்க" என்பது டாக்டருக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லாமல் புரிந்தது. சர்க்கரை, தயிர்சாதம், உடைக்கப் போன மாத்திரை என்று வரிசையாக எல்லாவற்றையும் தாரா ஒப்பித்துவிட்டாள்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். மாட்டுப் பால் குட்டிகளுக்குச் செரிக்காது. அதனாலேயே பேதி வரும். பூனைக்குட்டிகளுக்கென்றே பால் பவுடர் இருக்கிறது, அதைத்தான் கரைத்துத் தர வேண்டும். முதலில் உடம்பு சூடாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; சில்லிட்ட குட்டிக்கு எதையும் ஊட்டக் கூடாது. புழு இருக்கிறதா என்று சோதிக்க மாதிரி எடுத்துக்கொண்டார். கடைசியாகச் சொன்னார்: "ஒவ்வொரு தடவை போகும்போதும் எனக்கு மெசேஜ் செய்யுங்கள். எத்தனை தடவை, எப்படி இருந்தது, கிட்டத்தில் எடுத்த போட்டோவோடு. மெசேஜ் வரவில்லையென்றால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வேன்."

இங்கே இன்னொருவரை அறிமுகப்படுத்த வேண்டும். எங்கள் ஆபீஸ் டைரக்டர் பத்மநாபம் காரு. ('காரு' என்பது தெலுங்கு மரியாதை.) அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்னவரையும் பார்த்ததில்லை. என் போனில் 'பத்ம' என்று தட்டினால் இருவருமே வருவார்கள். இருவரும் பேருக்குப் பொருத்தமாகத் தாமரைப் பூவைத்தான் படமாக வைத்திருந்தார்கள்.

அடுத்த நாள் வீட்டிலிருந்தே வேலை. இடது கையில் ஊக்கு, வலது கையில் போன், கண்ணாடி நெற்றிமேல். அந்த நிலையில் ஆங்கிலத்தில் அனுப்பிய மெசேஜின் தமிழாக்கம் இது:

"வணக்கம். காலையிலிருந்து மூன்று தடவை. முதல் இரண்டு வெறும் தண்ணீர். மூன்றாவதில் நுரை. வாந்தி இல்லை. சோர்வு அதிகம். படம் இணைத்துள்ளேன். அதே பவுடரைத் தொடரலாமா?"

படத்தை எவ்வளவு கிட்டத்தில் எடுத்திருந்தேன் என்றால், அது பூனையுடையதா யானையுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "அடடா. பவுடர் எல்லாம் வேண்டாம். மோரில் உப்புப் போட்டுக் குடிக்கவும். ஓய்வு எடுக்கவும். படம் தேவையில்லை."

அவர்தானே கேட்டார், இப்போது தேவையில்லை என்கிறாரே என்று கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் கடமை தவறாமல் அடுத்த செய்தியை அனுப்பினேன்: "நான்காவது தடவை. அடக்க முடியாமல் மகளின் ஸ்கூல் பை மேலேயே ஆகிவிட்டது."

இதற்குப் பதில் வர நேரமானது. பிறகு வந்தது: "தயவுசெய்து உடனே டாக்டரைப் பாருங்கள்."

டாக்டரே டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்! எவ்வளவு அடக்கமான பெண்மணி, தனக்குத் தெரியாததை ஒத்துக்கொள்கிறாரே என்று நெகிழ்ந்துபோய், சமையலறையில் மோர் கடைய ஆரம்பித்தேன்.

ஷீலா வந்து பார்த்தாள். "யாருக்கு மோரு?"

"குட்டிகளுக்கு. டாக்டர் சொன்னாங்க."

"பாலே கூடாதுன்னு அந்தத் திட்டு திட்டினாங்க, இப்ப மோரு கைக்கு, எதுக்கு? போனைக் குடுங்க."

வாங்கிப் படித்தாள். மேலே படித்தாள். கீழே படித்தாள். பிறகு, விபத்துச் செய்தி சொல்கிற குரலில், "ஏங்க, மேல யாரு பேரு இருக்குன்னு பாருங்க" என்றாள்.

நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினேன். இறக்காமலே இருந்திருக்கலாம்.

வெட்கப்படக்கூட நேரமில்லை. ஷீலா தன் போனில் டாக்டரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல்: "நேற்றிலிருந்து உங்களிடமிருந்து மெசேஜே இல்லையே! நான் சரியாகிவிட்டது என்றல்லவா நினைத்தேன்? சின்னக் குட்டி எப்படி இருக்கிறது?"

அப்போதுதான் ஊக்கைக் கையில் எடுத்து நன்றாகப் பார்த்தேன். தலை தூக்கவில்லை. கத்துவதற்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. காது இரண்டும் சில்லென்று இருந்தன.

துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஓடினோம். வழியெல்லாம் தாரா துண்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். டாக்டர் முதலில் அதன் உடம்பைச் சூடாக்கி, பிறகு தோலுக்கடியில் ஊசியால் திரவம் ஏற்றினார். "இவ்வளவு சின்ன உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரொம்ப நேரம் தாங்காது" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நான் மெசேஜ் அனுப்பினேன் டாக்டர், வேற ஆளுக்கு" என்று சொல்ல ஆரம்பித்தவன் அழுதுவிட்டேன். உள்ளங்கை அளவு பூனைக்காக, நாற்பதை நெருங்கும் ஆண், நாய்கள் பார்த்துக்கொண்டிருக்க.

கொஞ்ச நேரம் கழித்து ஊக்கு மெல்லிசாக ஒரு சத்தம் போட்டது. தாரா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, கத்துது" என்றாள். தமிழில்.

சோதனையில் புழுவும் இருந்தது தெரிந்து மருந்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பத்மநாபம் காருவுக்கு ஒரு வரி அனுப்பினேன்: "மன்னிக்கவும் சார். தவறுதலாக வந்துவிட்டது." அனுப்பிவிட்டுப் போனை அணைத்து அலமாரியில் வைத்தேன்.

அந்த வரியை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஸ்கூல் பை மேல் தவறுதலாக வந்துவிட்டது என்று நான் வருத்தம் தெரிவிப்பதாக நினைத்திருக்கிறார்.

அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் அழைப்பு மணி. தாரா கதவைத் திறந்தாள். வாசலில் பத்மநாபம் காரு, கையில் ஃபிளாஸ்க். "என் மனைவி கேழ்வரகுக் கஞ்சி கொடுத்து அனுப்பினாள், வயிற்றுக்கு நல்லது" என்றபடி உள்ளே வந்து என் தோளைத் தட்டினார். "முரளி, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லோருக்கும் ஆவதுதான்."

தாரா அவருக்குத் தெலுங்கில் முழுக் கதையையும் சொன்னாள். எதையும் விடவில்லை. அவர் மெதுவாக சோபாவில் உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன். அப்போது ஊக்கு தள்ளாடி நடந்து வந்து, அவர் பேண்ட்டைப் பிடித்து ஏறி, மடியில் ஒரு சுற்றுச் சுற்றி, குந்தி உட்கார்ந்தது.

அந்த உட்காரலின் அர்த்தம் எங்கள் மூவருக்கும் தெரியும். யாராலும் நகர முடியவில்லை.

முடிந்தது. ஷீலா குனிந்து பார்த்தாள். பார்த்தவள் விருந்தாளி, டைரக்டர் எல்லாவற்றையும் மறந்து கத்தினாள்: "கெட்டியா இருக்கு! ஏங்க, கெட்டியா இருக்கு!" தாரா கைதட்டிக் குதித்தாள். நானும் குதித்தேன். (தெலுங்கிலும் அது கிட்டத்தட்ட அதே சொல்தான். அவருக்கு நன்றாகவே புரிந்தது.)

பத்மநாபம் காரு தன் மடியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் மட்டும், அப்புறம் வயிறு, கடைசியில் கண்ணில் தண்ணீர் வரும்வரை. அசையாமல் உட்கார்ந்தபடியே போனை எடுத்து, மடியிலிருந்ததைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்தார். "அந்த டாக்டரம்மா நம்பர் கொடுங்க. இதை நானே அனுப்பறேன். உங்களை நம்ப முடியாது."

பட்டனும் ஜிப்பும் எங்களோடு தங்கிவிட்டன. ஊக்கு வளர்ந்து தேறியதும் அவர் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவர் மனைவிக்கு 'ஊக்கு' என்ற பேர் வாயில் நுழையவில்லையாம். எனவே, யாரால் வந்ததோ அவர் பேரையே வைத்துவிட்டார்.

இப்போதும் வாரத்தில் ஒரு நாளாவது, முப்பது பேர் இருக்கிற மீட்டிங்கில், டைரக்டர் வீட்டின் பின்னணியிலிருந்து அந்த அம்மாளின் குரல் தெலுங்கில் கணீரென்று கேட்கும்: "முரளி! மேஜை மேலேருந்து இறங்கு! தட்டை நக்காதே!" முப்பது பேரும் மைக்கை அணைத்துவிட்டுச் சிரிப்பார்கள். பக்கத்து அறையிலிருந்து ஷீலா எட்டிப் பார்த்து, "சொல்றாங்கள்ல, இறங்குங்க" என்பாள்.