மூன்றாவது ஆல்பத்துக்குப் பிறகு

"சிம்பல் எங்கடா?" என்று கேட்டாள் அக்கா.

சமையலறை மேடைமேல் இருந்த ஸ்பீக்கரில் முதல் பாட்டு அப்போதுதான் முடிந்திருந்தது. கீழே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த தம்பி தலையைத் தூக்கினான்.

"அடிச்சிருக்கேனேக்கா."

"எங்கே அடிச்சே? அடுத்த தெருவிலயா?"

தம்பி ஓர் இசைக்குழுவின் டிரம்மர். சிம்பல் என்பது டிரம்ஸோடு சேர்த்து அடிக்கிற, 'ஜிங்'கென்று ஒலிக்கிற வெண்கலத் தட்டு. குழுவின் பெயர் 'மேல்வீட்டுக்காரர்கள்'. தொடக்கத்தில் ஒரு மாடி அறையில் பயிற்சி செய்தார்கள். கீழே குடியிருந்தவர்கள் போலீஸ்வரை போய்ப் புகார் கொடுத்தபோது அதில் என்ன பெயர் இருந்ததோ அதையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். மூன்று ஆல்பம் வந்துவிட்டது. நாலாவது, வெளியாவதற்கு முன்னால், வழக்கம்போல இந்தச் சமையலறைக்கு வந்திருந்தது.

அது அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் இருந்த ஏற்பாடு. எந்தப் பாட்டும் முதலில் அவள் காதில் விழ வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். பிடித்திருந்தால் "ம்" என்பாள். அவ்வளவுதான். அந்த ஒரு "ம்"முக்காக, மேடையில் ஆயிரம் பேர் முன்னால் எகிறிக் குதிக்கிறவன், பரீட்சை பேப்பர் வாங்கப் போகிற பிள்ளைமாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். குழுவின் மற்றவர்கள் ஆரம்பத்தில் இதைக் கேலி செய்தார்கள். முதல் ஆல்பத்தில், "இந்த இடத்தில ஒரு சிம்பல் விழணும்டா" என்று அவள் சொன்ன இடத்தில்தான் இன்றைக்கும் கூட்டம் எழுந்து கத்துகிறது. அதற்குப் பிறகு யாரும் கேலி செய்யவில்லை.

அந்த உரிமை அவளுக்குச் சும்மா வந்ததில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, படிப்பை நிறுத்திவிட்டுக் கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் சேர்ந்து, அவள்தான் அவனை வளர்த்தாள். அங்கே ஓரம் உடைந்துபோன, பாட்டில் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட்டுகளை வீட்டுக்குச் சுமந்து வந்து போட்டதும் அவள்தான். அவற்றைக் கவிழ்த்துப் போட்டுக் கரண்டியால் அடித்துத்தான் அவன் கற்றுக்கொண்டான். வேறெதையும் கற்றுக்கொள்ளவில்லை. டிரம்ஸ் போனால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது.

"இன்னொரு தடவை போடு. சத்தமா வை."

வைத்தான். முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அக்காவின் கணவர், "இந்த வீட்டில துணி தானா நகருது, நான் தள்ளவே வேண்டியதில்ல" என்றார்.

அக்கா கண்ணைத் திறந்தாள். முகம் வாடிப்போயிருந்தது.

"உயிரே இல்லடா. கம்பளிக்குள்ள வச்சு வாசிச்ச மாதிரி இருக்கு. பாடறவன் வேற வார்த்தையை மென்னு முழுங்கறான்."

இதைச் சொல்வது அவளுக்கு எளிதாக இல்லை. இதே துக்கத்தை அவள் ஏற்கெனவே பலமுறை பட்டிருந்தாள். ஒரு காலத்தில் ஏழெட்டுக் குழுக்களை உயிராக நினைத்தவள். ஒவ்வொன்றையும் விட்டாள். சண்டை போட்டுக்கொண்டு விடவில்லை. தூரத்துச் சொந்தத்தை விடுகிறமாதிரிதான்: முதலில் புது ஆல்பத்தை இரண்டு தடவையோடு நிறுத்துவாள், அடுத்ததைப் பாதியோடு நிறுத்துவாள், அதற்கடுத்தது வந்ததே அவளுக்குத் தெரியாது. கடைசியில் அவளிடம் ஒரு சித்தாந்தம்தான் மிஞ்சியது.

"எல்லாருமே மூணாவதுக்கு மேல கெட்டுப்போயிடறாங்க. பேரு வந்துட்டா கை தளர்ந்துடுது. நீயும் அப்படி ஆகக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

"நான் மாறலைக்கா."

"கெட்டுப்போன எவன்டா நான் மாறிட்டேன்னு சொல்லியிருக்கான்?"

பழைய ஆல்பங்களைப் போட்டால் மட்டும் அவள் முகம் மலரும். ஒவ்வோர் அடியும் எங்கே விழும் என்பது அவளுக்கு மனப்பாடம். விழுவதற்கு ஒரு நொடி முன்பே அவள் தலை ஆடிவிடும். "பாரு, இது அடி" என்பாள்.

தம்பி மறுபடியும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனான். எல்லாப் பாட்டுக்கும் சிம்பலைப் புதிதாக, இரண்டு மடங்கு வேகமாக அடித்துக் கொண்டுவந்தான்.

அக்கா கேட்டாள். பெருமூச்சு விட்டாள்.

"முன்னாடி தலையணையில அடிச்சே. இப்போ மெத்தையில அடிச்சிருக்கே."

தம்பி புது சிம்பல் வாங்கினான். பழையதைவிடப் பெரியது, முறம் அகலத்துக்கு இருந்தது. அதை அடித்தபோது கிட்டார்க்காரன் நாற்காலியோடு ஓர் அடி பின்னால் போனான். அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு, "பரவாயில்ல, முனகல் கேக்குது" என்றாள் அக்கா.

கடைசியில், விடுமுறை நாளில் அவளே நேரில் போனாள்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருந்தார். இந்தப்பக்கம் அக்கா நின்றாள். பாட்டு ஓடியது. அவள் உள்ளங்கையை மேல்நோக்கி மெல்ல ஆட்டினாள். பாட்டில் தொழிற்சாலையில் லைனில் நிற்பவர்கள் வாயால் பேசுவதில்லை, அந்த இரைச்சலில் பேசிப் பயனும் இல்லை. கையால்தான் பேசுவார்கள். கன்னத்தைத் தட்டினால் டீ. தோளைத் தட்டினால் சூப்பர்வைசர் வருகிறான். உள்ளங்கையை மேலே ஆட்டினால், இன்னும் ஏற்று.

ஒலிப்பதிவாளர் ஏற்றினார். அவள் ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவர் ஏற்றிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"மேடம், இதுக்கு மேல போனா பாட்டு கேக்காது. பல்லு கூசும்."

"கூசட்டும் சார். உயிரோட இருக்கறவனுக்குத்தானே கூசும்?"

பாடகன் குறுக்கே வந்தான். நல்ல பையன். பசித்த காலத்தில் அக்கா கையால் நிறையச் சாப்பிட்டவன்.

"அக்கா, இதில என் குரலே கேக்கலைக்கா."

"உன் குரல் மட்டும் கேக்கணும்னா குளியலறையில பாடு. குழுன்னு எதுக்குடா நாலு பேரு?"

அவள் "ம்" சொல்லி இதுவரை எதுவும் தோற்றதில்லை. பாடகன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அக்கா கண்ணை மூடிக் கடைசியாக ஒருமுறை கேட்டாள். எங்கோ ஆழத்தில், மெல்லியதாக, தட்டில் இருந்த டம்ளர்கள் சரிகிறதுபோன்ற, சிம்பலின் பழைய சத்தம் வருகிறமாதிரி இருந்தது.

"ம்" என்றாள்.

ஆல்பம் வெளியானது.

முதல் நாளே ஒருவர் இணையத்தில் எழுதினார்: "தகரக் கொட்டகைமேல் ஆலங்கட்டி மழை பெய்கிறது. உள்ளே யாரோ பாடுவதாகத் தெரிகிறது." இன்னொருவர்: "இதைக் கேட்ட பிறகு எங்கள் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. நானும் போகலாம் என்றிருக்கிறேன்." முதல் ஆல்பத்திலிருந்து கூடவே வந்த ஒரு ரசிகை கேலி எதுவும் செய்யாமல் ஒரே வரி எழுதியிருந்தாள்: "எனக்கு இவர்களோடு முடிந்துவிட்டது." அதுதான் தம்பியை அதிகமாகச் சுட்டது. அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

"ஜனங்களுக்கு ரசனை போயிடுச்சுடா," என்றாள் அக்கா. "நீ நிமிர்ந்து நில்லு."

நிகழ்ச்சிகளில் அவன் நிமிர்ந்து உட்கார்ந்து அடித்தான். அக்கா முன்வரிசையில் நின்றாள். சுற்றிலும் ஆட்கள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சொக்கிப்போய் நிற்கிறார்கள் என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. நாலாவது நிகழ்ச்சியில் சொக்குவதற்கு முன்வரிசையில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

அதற்கடுத்த வாரம் பாடகன் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அக்கா, நேராவே சொல்லிடறேன். மூணு ஊர்ல நிகழ்ச்சியை ரத்து பண்ணிட்டாங்க. இவன் பழையபடி அடிக்கணும். அடிக்க மாட்டேன்னா நாங்க வேற ஆளைப் பார்த்துட்டோம். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க."

"இவன்கிட்ட சொல்லு. என்கிட்ட ஏன் சொல்றே?"

"இவன் உங்களைக் கேக்கச் சொல்றான்."

தம்பி சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"நீ சொல்லுக்கா," என்றான். "பழையபடி அடிச்சா நல்லாதான் இருக்கும்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் போய் அடிச்சுட்டு வந்துடறேன். எனக்கு அவங்க சொல்றது முக்கியமில்ல. நீ சொல்றதுதான்."

பாடகன் போன பிறகு கணவர் மெஷினை நிறுத்தினார்.

"ஒரு பொய் 'ம்' சொல்லிட்டுப் போயேன். கல்யாணமான நாள்ல இருந்து நான் தைக்கிற ரவிக்கைக்கு எல்லாம் சொல்றியே."

"ரவிக்கையும் இதுவும் ஒண்ணா?"

"எனக்கு ஒண்ணுதான்," என்றார் அவர், வருத்தமாக. மறுபடியும் மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் தொழிற்சாலையில் மருத்துவப் பரிசோதனை. நிர்வாகத்துக்குத் திடீரென்று கருணை பொங்கிவிடவில்லை. பாட்டில் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, தொழிலாளிகளின் உடல்நிலைக்குச் சான்று கேட்டிருந்தது. பாட்டில்கள் போய்ச் சேர வேண்டுமே! ஆகவே முற்றத்தில் ஒரு வேன் வந்து நின்றது. கண், ரத்தம், மூச்சு, எல்லாம் அந்த ஒரே வேனில். இருபது வருஷமாக யாரும் கேட்காததை எல்லாம் ஒரே காலையில் கேட்டு முடித்துவிடுகிற அவசரம் எல்லார் முகத்திலும் இருந்தது.

வரிசையில் நின்றபடி அக்கா யோசித்தாள். ஒரு "ம்". எவ்வளவு சின்னது! சொல்லிவிட்டால் தம்பிக்கு வேலை நிலைக்கும். ஆனால் அதற்குப் பிறகு அவன் கொண்டுவருகிற எந்தப் பாட்டையும் அவள் எந்த முகத்தோடு கேட்பாள்? உலகத்தில் எல்லாரும் அவனுக்குக் கைதட்டிக்கொள்ளட்டும். உண்மையைச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? அவன் மற்ற குழுக்களைப்போல ஆகி, ஒருநாள் அவனையும் அவள் பாதியோடு நிறுத்திவிட்டால்?

அந்த நினைப்பு வந்ததும் வரிசையைவிட்டு ஒதுங்கிப் போன் செய்தாள்.

"விட்டுட்டு வந்துடுடா."

அந்தப்பக்கம் சத்தமே இல்லை.

"கேக்குதா? ரசனை செத்தவங்களோட உனக்கென்ன வேலை? உன்னை நான் பார்த்துக்கறேன். வந்துடு."

"சரிக்கா," என்றான் தம்பி.

வேனுக்குள் அவள் முறை வருவதற்குள் போனில் செய்தி வந்துவிட்டது. "சொல்லிட்டேன். டிரம்ஸையும் அவங்ககிட்டயே குடுத்துட்டேன். இனி அதைப் பார்க்க வேண்டாம்னு தோணுது."

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள்.

கண் சரி. ரத்தத்தில் சத்து கம்மி. பிறகு வேனின் கோடியில், அலமாரிமாதிரி இருந்த ஒரு சின்ன அறைக்குள் அவளை உட்காரவைத்தார்கள். சுவரெல்லாம் பஞ்சு. வெள்ளை கோட்டு போட்ட இளம்பெண் ஒருத்தி அவள் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டுக் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்:

"சத்தம் கேட்கறப்போ எல்லாம் இதை அமுக்குங்கக்கா. ரொம்ப மெல்லிசா இருந்தாலும் அமுக்கணும், சரியா?"

"அதெல்லாம் எனக்குச் சொல்லணுமா? என் தம்பி ஒரு அடியை விட்டாக்கூடக் கண்டுபிடிப்பேன்."

கதவு மூடியது.

முதலில் வண்டு ரீங்கரிக்கிறமாதிரி ஒரு சத்தம். அமுக்கினாள். இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொரு வண்டு. அமுக்கினாள். மூன்றாவது தூரத்து மோட்டார்மாதிரி. அதற்கும் அமுக்கினாள். பிறகு நின்றுவிட்டது. அந்தப் பெண் இயந்திரத்தில் ஏதோ சரிசெய்கிறாள்போல என்று காத்திருந்தாள்.

காத்திருப்பது சுகமாகத்தான் இருந்தது. லைன் இல்லை, பாட்டில் இல்லை, யாரும் கையை ஆட்டவில்லை. தம்பி அங்கே டிரம்ஸைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு தெருவில் நடந்து வருவது கண்ணுக்குள் தெரிந்தது. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். சரியாகத்தான் செய்தோம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வலிக்கும், ஆனால் சரி. வேறொரு குழு கிடைக்கும். பேருக்கு மயங்காத குழு. சிம்பலை ஒழுங்காக அடிக்கிற குழு.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. சிறிய கண்ணாடிச் சாளரத்துக்கு அந்தப்பக்கம் அந்தப் பெண் குனிந்து எதையோ திருகிக்கொண்டும், நிமிர்ந்து அக்காவைப் பார்த்துக்கொண்டும் இருந்தாள். வேலை தெரியாத பிள்ளையை அனுப்பியிருக்கிறார்கள் என்று அக்காவுக்குக் கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது.

கடைசியில் கதவு திறந்தது. பெண் ஹெட்போனைக் கழற்றினாள்.

"மிஷின் மக்கர் பண்ணுதாம்மா?" என்றாள் அக்கா. "பரவாயில்ல, மெதுவா பாரு. எப்போ ஆரம்பிக்கப்போறே?"

அந்தப் பெண் அக்காவின் முன்னால் குனிந்து, முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்:

"முடிஞ்சிடுச்சுக்கா... கீச்சுச் சத்தம் அத்தனையும், மிஷின்ல எவ்வளவு ஏத்த முடியுமோ அவ்வளவு ஏத்தி, ரெண்டு காதுக்கும் போட்டுட்டேன்."