நீங்கள் படுங்கள், மகான் எழுவார்

ஊரே மெத்தைக் கடை வாசலில் நின்றது. மெத்தை வாங்க அல்ல. அந்தக் கடை திவாலாகிப் பல காலம் ஆகிவிட்டது. எல்லோரும் தொந்தியைக் கரைக்க வந்தவர்கள்.

பால் வாங்கப் புறப்பட்டவர்கள் பாலை மறந்து வரிசையில் நின்றார்கள். வங்கி மேனேஜர் நின்றார். தலைமையாசிரியர் நின்றார். பல் டாக்டர், வாயில் பஞ்சு வைத்த நோயாளியையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்து நின்றார். நெரிசலில் ஒருவருக்குச் சட்டைப் பொத்தான் தெறித்து முன்னால் நின்றவரின் காதில் பட்டது. அதையும் அவர் நல்ல சகுனம் என்றார்.

வாசலில் பெரிய பலகை: “உழைக்க வேண்டாம். வியர்க்க வேண்டாம். நீங்கள் படுங்கள், மகான் எழுவார்.”

விஷயம் இதுதான். வயிற்றுத் தசை இறுக வேண்டுமானால் படுத்து எழுந்து பயிற்சி செய்ய வேண்டும். அது கஷ்டம். ஆகவே உங்களுக்குப் பதிலாக மகான் செய்துவிடுவார். கடையின் பின்பாதியில் கறுப்புத் திரை. அதற்குப் பின்னால் மகானும், ‘உதர யந்திரம்’ என்ற அவருடைய வயிற்றுப் பயிற்சிக் கருவியும். முன்பாதியில் பழைய மெத்தைகள். அதில் நீங்கள் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் இடுப்பில் ஒரு கயிறு. அந்தக் கயிறு திரைக்கு அடியில் நுழைந்து மகானின் இடுப்புக்குப் போகிறது. அவர் எழ எழ, அந்த வலிமை கயிறு வழியாக வழுக்கிக்கொண்டு வந்து உங்கள் வயிற்றில் இறங்கும். கண்ணைத் திறந்தால் இறங்காது. சந்தேகப்பட்டால் வந்ததும் திரும்பிப் போய்விடும். வலிமைக்கு அவ்வளவு ரோஷம்!

திரைக்குப் பின்னாலிருந்து சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கும். “ஹும்… ஹும்ம்…” என்று மகான் முக்குவார். கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும்.

“நமக்காக எவ்வளவு கஷ்டப்படறார் பாருங்க” என்பார் தலைமையாசிரியர், குறட்டைக்கும் குறட்டைக்கும் நடுவில்.

பலனை அளந்து காட்ட நாடாவோடு ஒரு சீடர் இருந்தார். ஊர் அவருக்கு வைத்த பெயர் நாடாக்காரர். படுப்பதற்கு முன் ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்கச் சொல்வார். “உடம்பை அப்படியே தளர விடுங்க” என்று சொல்லி அளப்பார். எழுந்த பிறகு, “மகானுக்கு நன்றி சொல்லி மூச்சை நல்லா உள்ள இழுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்” என்று சொல்லி அளப்பார். குறைந்திருக்கும்! இந்த முறையில் அளந்தால் எருமை மாடுகூட இளைத்துப் போகும். ஆனால் அளவு நாடா பொய் சொல்லாது என்று நம்புகிற கூட்டம் அது. நாடாவைப் பிடித்திருக்கிற கையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

கட்டணம் இடுப்புச் சுற்றளவைப் பொறுத்தது. கயிறும் அவர்களிடம்தான் வாங்க வேண்டும். வெளியில் வாங்கிய கயிற்றில் வலிமை சிக்கிக்கொள்ளுமாம்.

கொஞ்ச நாளில் நிலைமை முற்றியது. படுப்பதற்குக்கூட நேரமில்லாத வங்கி மேனேஜர் தன் காவலாளியை அனுப்பினார்.

“மேனேஜர் சார் சார்பா நான் படுத்துக்கறேன்” என்றார் காவலாளி.

“தாராளமா. கட்டணம் மட்டும் மேனேஜர் இடுப்புக்கு” என்றார் நாடாக்காரர்.

ஆக, மேனேஜருக்காகக் காவலாளி படுத்தார், காவலாளிக்காக மகான் எழுந்தார். தினமும் அவ்வளவு தூரம் நடந்து வந்து போனதில் காவலாளி நன்றாக இளைத்துவிட்டார். தன்னுடைய பலனைக் காவலாளி திருடிவிட்டதாக மேனேஜர் அவருக்கு விளக்கம் கேட்டு உத்தரவு போட்டார்.

அதே தெருவின் கோடியில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே ஒரு பெண்மணி, வீட்டில் வைத்துக்கொள்ளும் வயிற்றுப் பயிற்சிக் கருவிகளை வடிவமைத்துக்கொண்டிருந்தார். எந்நேரமும் கையில் ஸ்பிரிங்கோடு திரிந்ததால் தெரு அவரை ஸ்பிரிங்கம்மா என்றது.

அவருடைய கருவியில் மாயம் எதுவும் இல்லை. நீளமான ஒரு பலகை. படுத்தால் இடுப்புக்கு மேலே முதுகைத் தாங்க ஒரு சின்ன வளைவு. தோளுக்குப் பின்னால் ஒரு பட்டை. எழ முடியாதவரைப் பட்டையில் இருக்கிற ஸ்பிரிங் கொஞ்சம் தூக்கிவிடும். தசை தேறத் தேற, தூக்கிவிடும் வலு குறைந்த ஸ்பிரிங்காக மாற்றிக்கொண்டே போகலாம். கழுத்து இழுபடாது, முதுகு நோகாது, மடக்கினால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். இந்த வளைவு சரியாக வருவதற்காக எத்தனையோ பலகைகளை அறுத்து எறிந்தவர் அவர். பார்க்க வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி.

“இதுல நாமதான் எழுந்திரிக்கணுமா?”

“ஆமா.”

“அதுவா நம்மள எழுப்பாதா?”

“அதுவா எழுப்பினா அதுக்குத்தான் வயிறு இறுகும்.”

வந்தவர்கள் சிரித்துவிட்டு நேரே மெத்தைக் கடைக்குப் போய்விடுவார்கள். ஒருவர் மட்டும் வாங்கினார். அவர் வீட்டில் அது துண்டு காயப் போடுவதற்கு மிகவும் உதவியாக இருப்பதாகக் கேள்வி.

ஸ்பிரிங்கம்மாவுக்கு விற்பனை பற்றிய கவலைகூடப் பெரிதல்ல. கவலை அவருடைய தம்பி. வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைத் தூக்கி ஏற்றி இறக்குவது அவன் தொழில். ஒரு நாள் வீம்புக்கு ஒற்றை ஆளாக ஃபிரிட்ஜைத் தூக்கி மாடி ஏறினான். ஃபிரிட்ஜ் ஏறியது, குடல் இறங்கியது. அறுவை சிகிச்சை செய்த டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வயிற்றுத் தசை தேறும் வரை கனமான எதையும் தொடக்கூடாது, அவசரப்பட்டால் தைத்த இடம் விட்டுவிடும், அப்புறம் உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, தம்பிக்காகத்தான் அக்கா மிக மிக மென்மையான ஒரு ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்.

“இன்னிக்குத் தலையை மட்டும் தூக்கு. அது போதும்.”

“அக்கா, நான் பீரோ தூக்கறவன். என்னைப் போய்த் தலையைத் தூக்கச் சொல்றியே! வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க.”

தம்பி மனைவியும் கூடவே வந்திருந்தாள். “நீங்க தப்பா நினைக்கக் கூடாது அக்கா. மகான்கிட்ட இவரு ஏற்கெனவே கயிறு கட்டிட்டாரு. தசையெல்லாம் இரும்பாயிடுச்சுன்னு நாடாக்காரரே தட்டிப் பார்த்துச் சொன்னாரு. ஞாயித்துக்கிழமை விழாவுல இவருதான் ஹீரோ.”

“என்ன விழா?”

“நிரூபண விழா. கடையில ஒரு பழைய இரும்புப் பெட்டி இருக்கு பாருங்க, யாராலயும் நகர்த்த முடியாம மெத்தைக்காரரு விட்டுட்டுப் போனது. அதை எல்லார் முன்னாடியும் இவரு தூக்கப் போறாரு!”

ஸ்பிரிங்கம்மாவின் வயிற்றில் புளி கரைந்தது. அந்த ஊரில் உண்மையிலேயே கரைந்தது அது ஒன்றுதான்.

கத்தினார், கெஞ்சினார், கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “உனக்குப் பொறாமை அக்கா. உன் பலகை விக்கலைன்னு மகான் மேல கோவம்” என்று சொல்லிவிட்டுத் தம்பி எழுந்து போனான். அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவர் அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு மெத்தைக் கடைக்குப் போனார்.

“எனக்கு ஒரு சந்தேகம்” என்றார் நாடாக்காரரிடம்.

“சந்தேகம் வயித்துக்கு ஆகாதும்மா.”

“கயிறு பத்தித்தான். நடுவுல அறுந்துட்டா என்ன ஆகும்?”

“சக்தி அந்த நொடியே நின்னுடும். காத்துப் போன டயர் மாதிரி வயிறு சப்புனு ஆயிடும்.”

“படுத்திருக்கறவங்களுக்கு அது தெரியுமா?”

“கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்!”

“இதை விழாவுல எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்களேன். கயிறோட அருமை தெரியட்டும்.”

நாடாக்காரருக்கு யோசனை பிடித்துப் போயிற்று. கயிறு இன்னும் நாலு முழம் கூடுதலாக விற்கும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் மூச்சு விட இடமில்லை. மகான் பளபளக்கும் நீண்ட அங்கியில் வந்து கையை உயர்த்தினார். “உங்கள் பாரம் எனது” என்றார். கூட்டம் கைதட்டியது. ஒருவர் மட்டும் வீட்டுக் கடனையும் சேர்த்தா என்று கேட்டார். அவரைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். மகான் திரைக்குப் பின்னால் போனார். மெத்தைகளில் முக்கியஸ்தர்கள் படுத்தார்கள். நடுவில் தம்பி. அவன் பக்கத்தில் அந்த இரும்புப் பெட்டி, துடைத்து மெருகேற்றி, மாலை போட்டு.

“கயிறுதான் உயிர்! அறுந்தா அந்த நொடியே சக்தி நின்னுடும். கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்!” என்று நாடாக்காரர் முழங்கினார். “எல்லாரும் கண்ணை மூடுங்க! நிக்கறவங்களும் மூடுங்க!”

எல்லோரும் மூடினார்கள். நாடாக்காரரும், முன்மாதிரியாக இருக்க வேண்டும் அல்லவா, மூடினார். “ஹும்… ஹும்ம்…” என்று ஆரம்பித்தது.

ஸ்பிரிங்கம்மா மட்டும் மூடவில்லை. பலகைக்கு ரெக்சின் வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலைப் பையிலிருந்து எடுத்தார். கயிறுகள் எல்லாம் ஒரு கொத்தாகச் சேர்ந்து திரைக்கு அடியில் நுழைகிற இடத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக, மெதுவாக, அத்தனையையும் வெட்டினார்.

“சக்தி வருதா?” என்று கேட்டார் நாடாக்காரர்.

“வருது! வருது!”

“எனக்குச் சுடச்சுட வருது!” என்றார் தலைமையாசிரியர்.

“எனக்குத் தாங்கவே முடியல, கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க!” என்றார் மேனேஜர். அன்று அவரே நேரில் வந்து படுத்திருந்தார். காவலாளி மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது.

“எது வழியா வருது?” என்று ஸ்பிரிங்கம்மா உரக்கக் கேட்டார்.

கண்கள் திறந்தன. அறுந்த முனைகள் அத்தனையும் அவர் கையில் ஒரு விளக்குமாறு போல இருந்தன. திரைக்குப் பின்னால் முக்கல் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

இந்த இடத்தில் கூட்டத்துக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அப்படி நினைத்தால் உங்களுக்குக் கூட்டத்தைத் தெரியாது.

“பாத்தியா அக்கா!” என்று தம்பி துள்ளி எழுந்தான். “கயிறு இல்லாமலே வருதுன்னா மகானுக்கு எவ்வளவு சக்தி இருக்கணும்! இப்பவே தூக்கறேன்!” குனிந்து பெட்டியின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துவிட்டான். “டேய், வேண்டாம்டா!” என்று அக்கா அலறினார்.

அதே நேரத்தில் நாடாக்காரருக்கும் தொண்டை திறந்தது. “ஐயோ! மகானோட கயிற்றை வெட்டிட்டா!”

கயிறுதான் அவர்களுக்குக் கல்லாப்பெட்டி. திரையை விலக்கிக்கொண்டு மகானே பதறி ஓடி வந்தார். அவசரத்தில் அங்கியை மாட்டிக்கொள்ள மறந்து, உள்பனியனோடு வந்து நின்றார். “எவ அவ? என் கயிற்றை எவ வெட்டினா?” என்று கத்தினார். வாயோரம் கேக் ஒட்டியிருந்தது.

திரைக்குப் பின்னால் மகான் இன்னும் முக்கிக்கொண்டிருந்தார். “ஹும்… ஹும்ம்…”

தம்பியின் கைகள் பெட்டியின் மேலேயே நின்றன. மகானைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். மறுபடி மகானைப் பார்த்தான்.

“சாமி, நீங்க இங்க இருக்கீங்க… அப்ப உள்ள முக்கறது யாரு?”

“ஒரே நேரத்துல ரெண்டு இடம்!” என்று தலைமையாசிரியர் பரவசத்தில் கைகூப்பினார். இரண்டு மூன்று பேர் அவரோடு சேர்ந்து கூப்பவும் செய்தார்கள்.

ஸ்பிரிங்கம்மா திரையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். உள்ளே ஒரு சோபா. பாதி தின்ற கேக். ஒரு ஒலிப்பெட்டி, “ஹும்ம்” என்று தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. மூலையில் உதர யந்திரம். கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. கயிறுகளின் மறுமுனைகள் எல்லாம் சோபாவின் காலில் முடிச்சுப் போடப்பட்டிருந்தன.

“இத்தனை நாளா ஊர் மொத்தத்துக்கும் சேர்த்து இதுல எழுந்திருக்காரு” என்றார் ஸ்பிரிங்கம்மா. “உக்கார்ற இடத்துல ஒரு சொட்டு வேர்வை இல்ல. விலைச் சீட்டுக்கூட உதிரல.”

இப்போதுதான் எல்லோரும் மகானின் பனியனை உற்றுப் பார்த்தார்கள். அதற்குள் இருந்த தொந்தியைப் பார்த்தார்கள். வங்கி மேனேஜர் நாடாக்காரரின் கையிலிருந்து நாடாவைப் பிடுங்கி மகானைச் சுற்றிப் போட்டார். நாடா எட்டவில்லை.

“நன்றி சொல்லி மூச்சை உள்ள இழுங்க மகானே” என்றார் கூட்டத்தில் நின்ற காவலாளி. “இன்னும். இன்னும் கொஞ்சம்.”

அப்போதும் எட்டவில்லை.

போலீஸ் வந்ததும், நாடாக்காரர் எல்லாப் பழியையும் மகான் மேல் போட்டதும், மகான் அதைத் திருப்பி நாடாக்காரர் மேல் போட்டதும் வழக்கமான கதை. தம்பி அன்றே கொட்டகைக்கு வந்தான். பலகையில் படுத்தான். தலையைக் கொஞ்சம் தூக்கினான்.

“நடுங்குது அக்கா.”

“நடுங்கட்டும். அது உன் வயிறு, நீயே செய்யற வேலை” என்றார் அக்கா. சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது. பட்டையைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குள் வாசலில் ஒரு வரிசை நின்றது. முன்னால் வங்கி மேனேஜர், அவருக்குப் பின்னால் தலைமையாசிரியர், பஞ்சு வைத்த வாயோடு பல் நோயாளி.

“இனிமே உங்களைத்தாம்மா நம்பப் போறோம்” என்றார் தலைமையாசிரியர், கைகூப்பி. “நீங்க சொல்லுங்க, நாங்க என்ன நினைக்கணும்?”

ஸ்பிரிங்கம்மா அவர்களை மேலும் கீழும் பார்த்தார்.

“அதையும் உங்களுக்காக நானே செய்யணுமா?” என்று கேட்டுவிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தினார்.