நாய்க்காகப் பத்தியம் இருந்தவர்

நாய் வளர்ப்பவர்களில் இரண்டே இனம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்: மடியில் வைத்துக் கொஞ்சுகிறவர்கள், வாசலில் கட்டிப்போட்டு வேலை வாங்குகிறவர்கள். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. இந்த இனத்தாருக்கு நாய் என்றால் உயிர். அது ஒரு தும்மல் போட்டால் இவர்கள் துடித்துப்போவார்கள். தட்டில் இருப்பதில் பாதியை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, "யார் இந்த நாய்க்குப் போட்டது?" என்று அதட்டவும் செய்வார்கள். ஆனால் மிருக வைத்தியரின் வாசற்படியில் கால் வைத்ததும் அந்த உயிர் தொண்டைக்குழியில் வந்து நின்றுகொள்ளும். அப்போது அங்கிருந்து ஒரு சத்தம் வரும். "நாய்க்கா? இவ்வளவா?"

இவர்கள்தான் மூன்றாவது இனம்.

கட்டணம் குறைவு என்று நான் வாதாட வரவில்லை. அதிகம்தான். பூனைக்குப் பல் சுத்தம் செய்ய ஆகும் செலவைக் கேட்ட ஒரு பெரியவர், அங்கேயே தம்முடைய பல்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்து, "முழு வாயுமே இவ்வளவு ஆகலியே!" என்று பொக்கை வாயால் புலம்பியதை, அந்தப் பூனையே எட்டிப் பார்த்ததாகக் கேள்வி. ஆகவே கட்டணத்தைக் கண்டு மலைப்பது குற்றமில்லை. மலைத்த பிறகு இவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வேடிக்கை.

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவரைக் காட்டுகிறேன். மின்விசிறி செய்யும் கம்பெனியில் கொள்முதல் அதிகாரி. செம்புக் கம்பியிலிருந்து கழிப்பறைச் சோப்பு வரை, மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கி, அதில் குறைந்ததை எடுத்து, அந்தக் குறைந்ததைச் சொன்னவனையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "சரி, கடைசி விலை என்ன?" என்று கேட்பவர். அலுவலகத்தில் அவருக்குக் கொட்டேஷன் என்றே பெயர். வீட்டிலும் அப்படித்தான். மூன்று கடை ஏறி இறங்காமல் முடி வெட்டிக்கொள்ள மாட்டார். மூன்றாவது கடைக்குப் போவதற்குள் முதல் கடை மூடிவிடும். அதனால்தான் அவர் தலை எப்போதும் அப்படி இருக்கும்.

அவர் வீட்டு நாய் கொட்டேஷன் இல்லாமலே வந்தது. ஸ்டோர் கீப்பர் வீட்டில் போட்ட குட்டி, அட்டைப்பெட்டியோடு இலவசம். பெட்டியைத் திருப்பித் தரவேண்டுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டு வாங்கி வந்தார். பெட்டை நாய். வந்த மறுநாளே அது சமையலறை வாசலில் படுத்துக்கொண்டு, அவர் மனைவி எதைத் திறக்கிறாள், எதை மூடுகிறாள், எதைக் கீழே போடுகிறாள் என்று கண்காணிக்க ஆரம்பித்தது. சாயங்காலம் அவர் வந்ததும் ஓடிப்போய், அன்று முழுதும் நடந்ததை ஒன்று விடாமல் குரைத்துச் சொன்னது. அம்மாள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எனக்கு நாத்தனார் இல்லாத குறையைத் தீர்த்துட்டீங்க" என்றாள். அன்றிலிருந்து நாயின் பெயர் நாத்தனார். அவரிடம் பேசும்போது மட்டும் "உங்க தங்கச்சி".

நாத்தனாருக்கு ஒரு வயதானபோது, ஊசி போட்ட வைத்தியர் ஒரு யோசனை சொன்னார். குட்டி வேண்டாம் என்றால் இப்போதே கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது, சின்ன ஆபரேஷன், பின்னால் பெரிய வியாதி ஒன்று வராமல் தடுக்கும். நம்மவர் முறைப்படி மூன்று கொட்டேஷன் வாங்கினார். மூன்றையும் அடுக்கிப் பார்த்தார். அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்தது. "தனியா வெளியே போகாத பொண்ணுக்கு எதுக்குங்க ஆபரேஷன்? சும்மா வந்த நாய்க்கு இத்தனை செலவா?" என்று அதோடு மூட்டை கட்டிவிட்டார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நம்மவர் ஒரு படி மேலே போனார்: சும்மா வந்ததற்கு வைத்தியமும் சும்மாவே நடக்கவேண்டும்.

சும்மா நடத்த என்னென்ன வழி உண்டோ அத்தனையும் அவருக்குத் தெரியும். காலையில் பூங்காவில் நடக்க வரும் அந்த வைத்தியரை, மரத்துக்குப் பின்னாலிருந்து தற்செயலாகச் சந்திப்பார். தன் நண்பர் ஒருவரின் நாய் காதைச் சொறிந்துகொண்டே இருப்பதாகப் பேச்சை ஆரம்பிப்பார். நண்பரின் நாய் அவருடைய காலடியிலேயே உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருக்கும். வைத்தியரும் லேசுப்பட்டவர் இல்லை. "உங்க நண்பரை நாயோட கிளினிக்குக்கு வரச் சொல்லுங்க சார். நண்பருக்கு ஃபீஸ் கிடையாது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

இப்படி நாத்தனார் ஏழு வயது வரை வேப்பெண்ணெயிலும் வெந்நீரிலும் ஓட்டிவிட்டாள். பிறகு ஒருநாள் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளும் திரும்பிக்கொண்டாள். சாப்பாட்டைத் தொடவில்லை, ஆனால் வாளித் தண்ணீரை வற்றடித்தாள். சமையலறை வாசலை விட்டுவிட்டு, செருப்பு அலமாரிக்கு அடியில் போய் முடங்கினாள். அம்மாள் வேண்டுமென்றே பால் பாத்திரத்தைத் தடாலென்று போட்டுப் பார்த்தாள். ஒரு குரைப்பு இல்லை. அதுதான் அவளை உலுக்கியது.

"உங்க தங்கச்சியை இன்னிக்கே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க. எனக்கு மனசே சரியில்ல."

நம்மவருக்கும் கவலைதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் பழக்கம் இருக்கிறதே! மூன்று கிளினிக்குக்குப் போன் செய்து, நாய் சாப்பிடவில்லை, தண்ணீர் நிறையக் குடிக்கிறது, மொத்தமாக என்ன ஆகும் என்று விசாரித்தார். மூன்று பேரும் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார்கள். சரக்கைப் பார்க்காமல் விலை சொல்ல மறுக்கும் வியாபாரியை அவர் தம் உத்தியோகத்தில் கண்டதே இல்லை. சரி, பார்ப்பதற்கு எவ்வளவு என்று கேட்டார். சொன்னார்கள். போனைச் சூடான பாத்திரம் மாதிரி கீழே வைத்தார்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. இந்த இனத்தார் மட்டுமே செய்யக்கூடிய காரியம். வேறு யாருக்கும் அது தோன்றாது. கம்பெனியில் ஊழியர்களுக்கென்று ஒரு பெண் டாக்டர் வந்துபோனாள். ஆலோசனை இலவசம். மாத்திரை இலவசம். ரத்தப் பரிசோதனைகூட இலவசம். நோய் என்றால் எல்லாருக்கும் நோய்தானே? நாத்தனாருக்கு இருப்பதையெல்லாம் தமக்கு இருப்பதாகச் சொல்லி மருந்து வாங்கினால் என்ன?

போய் உட்கார்ந்தார். பசியே இல்லை என்றார். தாகமோ தாகம் என்றார். அடிக்கடி வெளியே போகவேண்டியிருக்கிறது, கதவைத் திறப்பதற்குள் ஆகிவிடுகிறது என்றார். டாக்டரம்மா அவர் வயதைப் பார்த்தாள், தொந்தியைப் பார்த்தாள், முகம் இறுகியது. சர்க்கரையாக இருக்கும் என்று சந்தேகப்பட்டு ரத்தம் எடுத்தாள். முடிவு வரும் வரை இனிப்பு கூடாது, எண்ணெய் கூடாது, உப்பு குறைக்கவேண்டும் என்றாள். சத்து மாத்திரை கொடுத்தாள். பொறுப்பான டாக்டர் அல்லவா, வீட்டுக்கே போன் செய்து அம்மாளிடமும் ஒப்பித்துவிட்டாள்.

அவ்வளவுதான். அன்று இரவு நம்மவர் தட்டில் உப்பில்லாமல் வேகவைத்த சுரைக்காய் வந்து விழுந்தது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். மனைவியின் கலங்கிய கண்ணைப் பார்த்து மூடிக்கொண்டார். வழக்கம்போலப் பாதியை மேஜைக்கு அடியில் தள்ளினார். அங்கே வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. வியாதி ஒருத்திக்கு, பத்தியம் ஒருத்தருக்கு. மாத்திரையை ரொட்டிக்குள் ஒளித்துச் செருப்பு அலமாரிக்கு அடியில் நீட்டினார். நாத்தனார் ரொட்டியை ஒரு நக்கு நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனுஷ மாத்திரையை நாய்க்குக் கொடுக்கக் கூடாது என்பது அந்த வீட்டில் நாய்க்கு மட்டும் தெரிந்திருந்தது.

அம்மாள் விடவில்லை. தினம் காலையில் அதே பேச்சு. அவரும் தினம் அதே பதில்.

"நாளைக்குப் போகலாம். ரிசல்ட் வரட்டும்."

"உங்க ரிசல்ட்டுக்கும் உங்க தங்கச்சிக்கும் என்ன சம்பந்தம்?"

அவர் சுரைக்காயை விழுங்கினார்.

முடிவு வந்தது. டாக்டரம்மா மலர்ந்த முகத்தோடு, அவருக்கு ஒரு குறையும் இல்லை, சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, கம்பெனியிலேயே சுத்தமான ரத்தம் அவருடையதுதான் என்றாள். தமக்கு ஒரு நோயும் இல்லை என்று கேட்டு இப்படி இடிந்துபோன நோயாளியை அவள் அதற்கு முன் கண்டிருக்க மாட்டாள்.

"ஒண்ணுமே இல்லையா? நல்லாப் பாருங்க டாக்டர். எழுந்திருக்கவே முடியல. நேத்திலிருந்து வயிறு வேற உப்பிக் கிடக்கு. யார் வந்தாலும் வாலைக்கூட..."

நிறுத்திக்கொண்டார். டாக்டரம்மா பேனாவை மேஜைமேல் வைத்தாள்.

"சார், நடக்கும்போது எந்தக் கால் தள்ளாடுது?"

"பின்னங்கால்" என்றார் நம்மவர், தலையைக் குனிந்துகொண்டு.

அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "வயிறு உப்பியிருந்தா ரொம்ப நேரம் தாங்காது. இங்க ஏன் உட்கார்ந்திருக்கீங்க? ஓடுங்க."

ஓடினார். கையெழுத்துப் போடாமல், மேலாளரிடம் சொல்லாமல், வழியில் ஆட்டோக்காரர் கேட்ட கூலிக்குப் பேரம்கூடப் பேசாமல் ஏறி ஓடினார். செருப்பு அலமாரிக்கு அடியிலிருந்து நாத்தனாரை இழுத்துத் தூக்கியபோது அவள் துணிமூட்டை மாதிரி தோளில் தொங்கினாள். கிளினிக் மாடியில் இருந்தது. பத்தியம் இருந்த உடம்போடு அத்தனை படியையும் அவளைச் சுமந்துகொண்டு ஏறினார். பின்னால் ஒரு கையில் அவருடைய செருப்பும் ஒரு கையில் தண்ணீர்ப் பாட்டிலுமாக அம்மாள். நோயாளியின் பெயர் என்ன என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள். "நாத்தனார்" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அப்படியே பதிந்துகொண்டாள்.

பூங்கா வைத்தியர்தான். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார், திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"கர்ப்பப்பை முழுக்கச் சீழ். இன்னிக்கே எடுக்கணும். அன்னிக்கு எடுத்திருந்தா இது வந்தே இருக்காது."

தொகையையும் சொன்னார். மனுஷருக்கு வேண்டிய மயக்க மருந்தும் கருவியும்தான் இதற்கும் வேண்டும், ஆனால் செலவை ஏற்க இதற்கு ஒரு கம்பெனி கிடையாது என்றும் சொன்னார். புது வண்டி வாங்கவென்று நம்மவர் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்தது அப்படியே சக்கரம் கழன்று உருண்டு போகும் தொகை. அவர் வாயைத் திறந்தார். எந்தச் சொல் வரப்போகிறது என்று அம்மாளுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுவரும் "இவ்வளவா?" என்ற சொல். அவள் நாயின் காதைத் தடவிக்கொண்டே அவர் வாயையே பார்த்தாள்.

"பிழைச்சிடுவாளா?" என்றார் அவர்.

"உறுதி சொல்ல முடியாது சார். லேட்டாத்தான் வந்திருக்கீங்க."

உத்தரவாதம் இல்லாத சரக்குக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டியது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

கதவுக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, டாக்டரம்மாவிடம் நடித்த சமாசாரத்தை அவர் மனைவியிடம் ஒப்புக்கொண்டார். அவள் நம்பாமல் கேட்டாள்.

"அப்போ இத்தனை நாளும் நீங்க உப்பில்லாம சாப்பிட்டது கர்ப்பப்பை வியாதிக்கா?"

அவர் தலையாட்டினார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடம் பொருள் தெரியாமல் வந்த சிரிப்பு. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் அடங்கவில்லை. எதிர் பெஞ்சில் கிளிக்கூண்டோடு இருந்தவர் எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தார். சிரிப்பு பாதியில் எப்படியோ அழுகையாகத் திரும்பிக்கொண்டது. "எதுத்துப் பேச ஒரு ஆள் வேணுங்க எனக்கு அந்த வீட்ல" என்றாள்.

நாத்தனார் பிழைத்தாள். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தவள் அண்ணனை விட்டுவிட்டு அண்ணியைப் பார்த்தாள். வால் நுனி ஒருமுறை அசைந்தது. பிறகு சன்னமாக ஒரு குரைப்பு. என்னவோ புகார்தான்.

இப்போது தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் புனல் மாட்டிக்கொண்டு மறுபடி சமையலறை வாசலில் இருக்கிறாள். புனல் இருப்பதால் முன்னைவிட நன்றாகக் காது கேட்கிறது என்று அம்மாள் குறைப்படுகிறாள். நம்மவரோ அலுவலகத்தில் யாருக்கு என்று சொல்லாமல் தொகையை மட்டும் சொல்லி எல்லாரையும் மலைக்கவைக்கிறார். சொல்லச் சொல்ல அது ஏறுகிறது. நேற்று கேட்டபோது ஒரு யானைக்கே வைத்தியம் பார்க்கலாம் போலிருந்தது. டாக்டரம்மா மட்டும் வராந்தாவில் எதிர்ப்படும்போதெல்லாம், நாலு பேர் காதில் விழும்படி, "தையல் பிரிச்சாச்சா சார்?" என்று அக்கறையாக விசாரிப்பாள். அவருக்குத்தான் ஆபரேஷன் என்று நம்பிக்கொண்டு ஊழியர்கள் பழம் வாங்கி வந்து கொடுக்கிறார்கள். அவரும் வாங்கிக்கொள்கிறார். இலவசம் அல்லவா?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் மருந்துக்கடையில், எட்டு மாதக் குழந்தைக்கு என்று இருமல் மருந்து கேட்டவர் ஒருவர், குழந்தையின் எடை என்ன என்றதும் தடுமாறி, "மீசையோட சேர்த்தா?" என்று கேட்டுவிட்டுக் கூட்டத்தில் நழுவினாராம். அது நீங்கள் இல்லை என்றுதான் நானும் எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். உங்கள் வீட்டுப் பூனை இரண்டு நாளாகத் தட்டைத் தொடவில்லை என்பதும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் இதை எடுத்துவைத்துக்கொண்டு படிப்பதும் வெறும் வதந்தியாகத்தான் இருக்கும்.

எதற்கும் ஒன்று. அடுத்த தடவை டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்டால், முதலில் உங்களுக்கு வால் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.