பூட் பண்ணி வையி

காலை பத்து இருபதுக்குத்தான் அது ஆரம்பித்தது. அதுவரைக்கும் எங்கள் ஊர் மேலகரத்தில் எனக்குப் புத்திசாலி என்று பேர்.

எண்பதுகளின் கடைசி. திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த என் மகள் மல்லிகா, எங்கள் வீட்டு முன்னறையிலேயே வகுப்பு தொடங்கியிருந்தாள். கம்ப்யூட்டர் வந்துவிட்டது, படிக்கத்தான் ஒருத்தரும் வரவில்லை. அன்றைக்குத் தென்காசியிலிருந்து பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை பார்க்க வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்துவிட்டால் பிள்ளைகளை அனுப்புவார். பிடிக்காவிட்டால் மல்லிகா மெட்ராஸுக்கு வேலைக்குப் போய்விடுவாள். பெட்டிகூட அடுக்கி வைத்திருந்தாள். (அந்தப் பெட்டி இருந்த உள்ளறைக்கு நான் பெருக்கக்கூடப் போவதில்லை.)

அவரை அழைத்து வரக் கிளம்பியவள், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "எம்மா, ஃப்ளாப்பி உள்ளதான் இருக்கு. சுவிட்சைப் போட்டு பூட் பண்ணி வையி. வந்தவங்க காத்துக்கிட்டு இருக்கக் கூடாது."

என் காதில் 'பூட்டு பண்ணி வையி' என்று விழுந்தது. நான் ஆரம்பப் பள்ளித் தமிழ் டீச்சர். பூட்டி வை என்றால் போதாதா, பண்ணுவது எதற்கு? (வெளியூரில் படித்த பிள்ளை, அப்படித்தான் பேசும்.)

சுவிட்சைப் போட்டேன். ஃபேன் உறுமியது. திரையில் எண்கள் விறுவிறுவென்று ஏறின. தன் ஞாபகசக்தி எவ்வளவு என்று தானே எண்ணிப் பார்க்கிறதாம். ஃப்ளாப்பி என்கிற சதுரத் தகட்டை விழுங்கிய வாயில் சிவப்பு விளக்கு எரிந்து, கரகரவென்று ஏதோ மென்றது. கடைசியில் ஒரு கோடு கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. என்ன அறிவு என்று மலைத்துப்போனேன். இவ்வளவு அறிவை யார் திறந்து போடுவார்கள்? அந்தக் காலக் கம்ப்யூட்டருக்கு முகத்திலேயே, பீரோவுக்கு இருக்கிற மாதிரி, ஒரு பூட்டு. சாவியும் அதில் தொங்கியது. பூட்டினேன்.

சாவியைத் தொலைப்பதில் எனக்கு இணை கிடையாது. அதனால், பெரிய படிப்பாளிகள் வரும்போது தான் எதற்கு என்று குற்றாலத்துக்குக் குளிக்கக் கிளம்பிய என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். "பத்திரம். நனைஞ்சா கெட்டுரும்" என்றும் சொல்லி அனுப்பினேன்.

பதினொரு மணிக்குத் தென்காசி டீச்சரம்மா மல்லிகாவோடு வந்து உட்கார்ந்தார். மல்லிகா கீபோர்டைத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தட்டு. கோடு மட்டும் கண் சிமிட்டியது.

"என்னம்மா, கீ வேலை செய்யலையா?" என்றார் டீச்சரம்மா.

நான் சமையலறையிலிருந்து சொன்னேன்: "கீ இங்கன இல்ல டீச்சர். அவுக கொண்டுபோயிட்டாக."

மல்லிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சுவிட்சை அணைத்துப் போட்டாள். எண்கள் மறுபடி ஏறின. பிறகு, கீபோர்டு பூட்டியிருக்கிறது, திறக்கவும் என்று திரை இங்கிலீஷில் எழுதிக் காட்டியது. வீட்டு விஷயத்தை வந்தவர்கள் முன்னால் இப்படியா போட்டு உடைப்பது.

"நீதானட்டி பூட்டச் சொன்ன" என்றேன். உள்ளறையில் அந்தப் பெட்டி தெரிந்தது.

மல்லிகா சிரித்தாள். "பாத்தீங்களா மேடம், முழிச்சதும் தன் கை காலெல்லாம் சரியா இருக்கான்னு தானே பாத்துக்கிடுது. எது சரியில்லன்னும் சொல்லுது. பூட்னா இதுதான். எங்கம்மா உங்களுக்காகவே செஞ்சு காட்டிட்டா."

ஃப்ளாப்பியை வெளியே எடுத்து டீச்சரம்மா கையில் கொடுத்தாள். மானிட்டர் எது, சிபியு எது, இதற்கு மூளை எங்கே, ஞாபகம் எங்கே என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் பெற்ற பிள்ளைதானா இது என்று கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

டீச்சரம்மா எழுந்தார். "பூட்டுன கம்ப்யூட்டர வச்சே இவ்வளவு சொல்லித் தருதாளே. திங்கக்கிழமையிலேருந்து பிள்ளைகள அனுப்புதேன்."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் ஊருக்குக் கிளம்பினாலும், "எம்மா, வீட்டைப் பூட் பண்ணியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் மட்டும் இப்போதும் சாவி எங்கே என்று தேடுவேன்.

அன்றைக்கு டீச்சரம்மா வாசலிறங்கும்போதுதான் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். தலை காய்ந்து கிடந்தது. தோளில் மடிப்புக் கலையாத துண்டு. நல்ல சீசனில் குற்றாலம் போய் நனையாமல் திரும்பிய ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மூடிய கையை மெதுவாக விரித்துச் சாவியைக் காட்டினார்.

"நனையக் கூடாதுன்னுட்டியே. இத வச்சிக்கிட்டு அருவிக்குள்ள எப்படிட்டி போக? இவ்வளவு நேரமும் மத்தவன் குளிக்கதப் பாத்துட்டு வாரேன்."